வாராவாரம் கழுவியும் தொட்டித் தண்ணீர் ஏன் கெடுகிறது?

நீங்கள் எழுதியிருப்பதைச் சுருக்கினால் இதுதான். நான்கு அடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரத்தில் ஒரு தொட்டி. அதில் ஏழு அங்குல ஆஸ்கார் மீன் இரண்டு, ஒரு அடியை எட்டிய சில்வர் அரோவானா ஒன்று. ஞாயிறுதோறும் மீன்களை ஒரு டப்பில் எடுத்து வைத்துவிட்டு, தண்ணீர் முழுவதையும் வடித்து, கூழாங்கற்கள், ஃபில்டர் ஸ்பாஞ்ச், செராமிக் வளையங்கள் எல்லாவற்றையும் குழாயடியில் பளிச்சென்று கழுவி, புதுத் தண்ணீர் நிரப்புகிறீர்கள். புதன்கிழமைக்குள் பால் கலந்ததுபோல மங்கிவிடுகிறது, மூடியைத் திறந்தால் வாடை வருகிறது, அம்மோனியா டெஸ்ட் லிட்டருக்கு 2 மில்லிகிராம் காட்டுகிறது. எந்த ஃபில்டர் வாங்கலாம், யூவி (புற ஊதா) விளக்கு போட்டால் தெளியுமா, பாக்டீரியா பாட்டில் ஊற்றலாமா என்று கேட்கிறீர்கள். கேள்வி சாமான்களைப் பற்றி இருந்தாலும், இவ்வளவு உழைத்தும் தண்ணீர் ஏன் மூன்று நாள்கூடத் தாங்கவில்லை என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். அதற்கே பதில் சொல்கிறேன். சாமான் பேச்சு நடுவில் தானாக வந்துவிடும்.

முதலிலேயே ஒன்று. நான் மீன் மருத்துவர் இல்லை. பதினெட்டு வருடமாக உங்களுடையவை போன்ற வேட்டை மீன்கள் வளர்க்கிறேன், அதில் ஆறு வருடம் ஓர் அலங்கார மீன் பண்ணையில் தண்ணீர்ச் சோதனை பார்க்கும் வேலை. தண்ணீரைப் பற்றிக் கொஞ்சம் தைரியமாகப் பேசுவேன். மீனின் உடம்பில் புண், கட்டி, வீக்கம் என்றால் வாயை மூடிக்கொள்வேன்.

உங்கள் ஞாயிற்றுக்கிழமை வேலைதான் பிரச்சினையின் பாதி. மீன் விடும் அம்மோனியாவை ஒரு வகைப் பாக்டீரியா நைட்ரைட்டாக மாற்றுகிறது, இன்னொரு வகை அந்த நைட்ரைட்டை நைட்ரேட்டாக மாற்றுகிறது. இதில் சந்தேகமே இல்லை. பழைய புத்தகங்களில் இரண்டாவது வேலைக்கு நைட்ரோபாக்டர் என்று போட்டிருப்பார்கள். 1990களின் கடைசியில்தான் மீன் தொட்டிகளில் அந்த வேலையைப் பெரும்பாலும் நைட்ரோஸ்பைரா செய்கிறது என்று தெரிந்தது. 2015இல், நைட்ரோஸ்பைராவிலேயே சில இரண்டு வேலையையும் தனியாகச் செய்யும் என்றும் கண்டுபிடித்தார்கள். பெயர் எதுவானாலும் நமக்கு வேண்டியது அவை குடியிருக்கும் இடம். தண்ணீரில் அவை அதிகம் மிதப்பதில்லை. ஸ்பாஞ்சிலும் வளையத்திலும் கல்லிலும் கண்ணாடியிலும் வழவழப்பாக ஒரு படலம் படிகிறதே, அங்கேதான் இருக்கின்றன. நீங்கள் அழுக்கு என்று தேய்த்துக் கழுவுவது அந்தப் படலத்தைத்தான். குழாய்த் தண்ணீரில் குளோரினும் இருந்தால், தேய்த்தபின் மிஞ்சியதும் அதில் போய்விடும்.

இந்தப் பாக்டீரியாக்கள் மெதுவாகப் பெருகுபவை. வெறும் தொட்டியில் முழுக் கூட்டம் சேர நான்கு முதல் ஆறு வாரம் ஆகும். நீங்கள் ஏழு நாளுக்கு ஒருமுறை அதைப் பூஜ்யத்துக்குப் பக்கத்தில் கொண்டுவந்து விடுகிறீர்கள். ஆக உங்கள் தொட்டி எத்தனை மாதப் பழையதாக இருந்தாலும் அதற்கு வயது ஏழு நாளைத் தாண்டுவதில்லை. புதன்கிழமை தெரிகிற பால்நிற மங்கல் வேறு பாக்டீரியா. மிஞ்சிய தீனியும் கழிவும் கரைந்த தண்ணீரில் அவை சில மணி நேரத்திலேயே பெருகிவிடும். யூவி விளக்கு அவற்றைக் கொன்று தண்ணீரைக் கண்ணாடியாக்கிவிடும், உண்மைதான். ஆனால் அம்மோனியாவை அது தொடாது. தெளிந்த தண்ணீரில் மீன் திணறும், நீங்கள் நிம்மதியாக இருப்பீர்கள். அதனால் இப்போதைக்கு யூவி வேண்டாம் என்பேன்.

சரி, மீதிப் பாதி? அது மீனின் வாயில் இருக்கிறது. கொஞ்சம் கணக்குப் போடலாம், பொறுத்துக்கொள்ளுங்கள். புரதத்தின் எடையில் ஏறத்தாழ 16 சதவீதம் நைட்ரஜன். தின்ற புரதத்தில் ஒரு பங்குதான் மீனின் சதையாகச் சேர்கிறது, ஒரு பங்கு கழிவோடு போகிறது. நைட்ரஜனில் பாதிக்கு மேல் அம்மோனியாவாகத் தண்ணீரில் இறங்குகிறது, அதுவும் பெரும்பாலும் செவுள் வழியாக. கீழே கிடக்கும் கழிவை சைஃபன் குழாய் போட்டு உறிஞ்சிவிட்டால் தொட்டி சுத்தம் என்று நம்மில் பலர் நினைப்பதற்குக் காரணம், கண்ணுக்குத் தெரிவது அது ஒன்றுதான் என்பது. பெரும்பங்கு மீன் மூச்சு விடும் இடத்திலிருந்தே நிறமில்லாமல் வெளியேறிக்கொண்டிருக்கிறது. அதைச் சைஃபன் போட்டுப் பிடிக்க முடியாது.

உங்கள் தொட்டியின் வெளி அளவு 9 கன அடி. ஒரு கன அடிக்கு 28 லிட்டர் என்றால் 250க்குக் கொஞ்சம் கூட. மேலே விட்ட இடைவெளி, கீழே கல் எல்லாம் போக 220 லிட்டர் தண்ணீர் என்று வைத்துக்கொள்வோம். தினம் 10 கிராம் பெல்லட் (உலர்ந்த உருண்டைத் தீனி) போடுகிறீர்கள் என்று எடுத்துக்கொள்கிறேன். மூன்று மீனின் உடம்புக்கு அது அதிகம்கூட இல்லை. வேட்டை மீன் பெல்லட்டில் 45 சதவீதம் புரதம் என்றால் 4.5 கிராம் புரதம், அதில் 0.72 கிராம் நைட்ரஜன். அதில் அறுபது சதவீதம் அம்மோனியாவானால் 0.43 கிராம். 220 லிட்டரில் பிரித்தால், பாக்டீரியா ஒன்றுமே செய்யாத தொட்டியில் ஒரே நாளில் லிட்டருக்கு ஏறத்தாழ 2 மில்லிகிராம் ஏறும். மூன்றாம் நாள் உங்களுக்கு 6 வராமல் 2 வந்ததே ஆச்சரியம். கழுவலுக்குத் தப்பிய கொஞ்சம் பாக்டீரியா எங்கோ கண்ணாடி மூலையில் உயிரைக் கொடுத்து உழைத்திருக்கிறது.

இதே 10 கிராம் உரித்த இறாலாக இருந்தால் அதில் புரதம் 2 கிராமுக்குள்தான், மீதி பெரும்பாலும் தண்ணீர். எடைக்கு எடை பார்த்தால் பெல்லட்தான் தண்ணீரை அதிகம் சுமக்க வைக்கிறது. இது கேட்பவருக்கு நம்ப முடியாமல் இருக்கும், ஏனென்றால் இறால் போட்டால் தொட்டி நாறுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். அந்த நாற்றம் தின்றதிலிருந்து வருவதில்லை. தலையும் ஓடும் சாறும் தின்னாமல் விட்ட துண்டும் அழுகுவதால் வருவது. பெல்லட்டிலும் சேதாரம் உண்டு. ஒருநாள் கண்ணாடிக்கு அருகில் உட்கார்ந்து ஆஸ்கார் தின்பதைப் பாருங்கள். வாயில் வாங்கி, இரண்டு முறை துப்பி, மறுபடி கவ்வி மெல்லும். அப்போது செவுள்மூடியின் ஓரத்தில் புகைபோல மெல்லிய தூள் வெளியேறும். அந்தத் தூள் நேராக ஃபில்டருக்குப் போய் அங்கே ஊறி அழுகும். அதனால் ஆஸ்கார் தொட்டிக்குக் கடையில் சொல்லும் ஃபில்டர் அளவு எப்போதும் போதாது. பெட்டியின் மேல் எழுதியிருக்கும் லிட்டர் கணக்கு சின்னச் சின்ன மீன்களை மனதில் வைத்துப் போட்டது என்பது என் அபிப்பிராயம்.

இன்னொன்றும் பாருங்கள். வயிறு முட்டத் தின்ற வேட்டை மீன் பயந்தால் கக்கும். இருட்டில் திடீரென்று விளக்கைப் போட்டாலோ, தீனி போட்ட அரை மணியில் வலையை உள்ளே விட்டாலோ, முழுசாக விழுங்கியதெல்லாம் பாதி செரித்த நிலையில் வெளியே வரும். தீனி போட்ட நாளில் தொட்டிக்குள் கையை விடாதீர்கள்.

பாக்டீரியா கூட்டம் நன்றாக இருக்கும் தொட்டியில் அம்மோனியா பூஜ்யம் காட்டும். ஆனால் அந்த 0.43 கிராம் நைட்ரஜன் எங்கும் போய்விடவில்லை. நைட்ரேட்டாக மாறி, எடையில் நாலரை மடங்கு ஆகி, தண்ணீரிலேயே நிற்கிறது. உங்கள் தொட்டியில் நாளுக்கு லிட்டருக்கு 8 முதல் 9 மில்லிகிராம், வாரத்துக்கு 60. எத்தனை பெரிய ஃபில்டர் வாங்கினாலும் இந்த 60 குறையாது. ஃபில்டர் பொருளை மாற்றித்தான் தருகிறது, வெளியே எடுத்துப் போடுவதில்லை. வெளியே எடுக்க உங்கள் பக்கெட்தான் உண்டு.

ஒவ்வொரு வாரமும் 60 ஏறுகிறது, வாரத்துக்கு ஒருமுறை கால் பங்கு தண்ணீர் மாற்றுகிறீர்கள் என்றால் நைட்ரேட் எங்கே போய் நிற்கும்? 240இல். ஏறும் அளவை, மாற்றும் பங்கால் வகுத்தால் வருவதுதான் உச்சம். பாதித் தண்ணீர் மாற்றினால் 120இல் நிற்கும், மாற்றியபின் 60. வாரத்தில் இரண்டு முறை பாதி மாற்றினால் உச்சம் 60, மாற்றியபின் 30. இப்போது தீனியைப் பாதியாக்குங்கள். வாரத்துக்கு 30தான் ஏறும். வாரம் ஒரே முறை பாதி மாற்றினாலே உச்சம் 60. அதாவது தீனியைப் பாதியாக்குவதும் தண்ணீர் மாற்றும் தடவையை இரண்டாக்குவதும் கணக்கில் ஒன்று. ஒன்றில் முதுகு வலிக்கிறது, மற்றதில் மனசு வலிக்கிறது, அவ்வளவுதான். ஆஸ்கார் கண்ணாடியில் முட்டி முட்டிக் கெஞ்சும், தெரியும். எனக்கும் அதுதான் நடக்கிறது. ஆனால் வளர்ந்த வேட்டை மீனுக்கு வாரத்தில் மூன்று நாள் தீனி போதும். இரையைத் தேடிக் காத்திருந்து, கிடைத்த நாளில் விழுங்கும் உடம்பு அது. உங்களுடையவை இன்னும் வளரும் வயதில் இருப்பதால் ஒருநாள் விட்டு ஒருநாள், இரண்டு நிமிடத்தில் முடிக்கும் அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

உயிரோடு சின்ன மீன் வாங்கிப் போடுவதாகவும் எழுதியிருந்தீர்கள். அதை நிறுத்திவிடுங்கள் என்று கெஞ்சிக் கேட்கிறேன். வெண்புள்ளி நோயும் நங்கூரப் புழுவும் தொட்டிக்குள் வரும் நேர்வழி அதுதான். கோல்டு ஃபிஷ் போன்ற கெண்டைச் சாதி மீன்களில் தயமினேஸ் என்ற நொதி இருக்கிறது. அதையே தொடர்ந்து தின்னும் மீனுக்கு பி1 வைட்டமின் குறைந்துபோகும். தண்ணீர்க் கோணத்தில் பார்த்தாலும், தப்பித்து ஃபில்டர் குழாய்க்குப் பின்னால் ஒளிந்து அங்கேயே செத்த ஒரு சின்ன மீன், ஒருவாரத் தீனியைவிட மோசமாகத் தண்ணீரைக் கெடுக்கும்.

இனி எனக்குச் சூடுபட்ட ஒரு விஷயம். வேட்டை மீன் வளர்ப்பவர்கள் பலருக்கும் இது தெரிவதில்லை என்பதால் விரிவாகவே சொல்கிறேன். நைட்ரேட்டாக மாற்றும் வேலையில் அமிலம் உண்டாகிறது. தண்ணீரின் காரத்தன்மை, டெஸ்ட் கிட்டில் கேஹெச் என்று போட்டிருப்பது, அந்த அமிலத்தை விழுங்கிக்கொண்டே வரும். ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜன் மாறுவதற்கு, கால்சியம் கார்பனேட் கணக்கில் 7 கிராம் காரத்தன்மை செலவாகும். உங்கள் 0.43 கிராமுக்கு நாளுக்கு 3 கிராம், அதாவது கேஹெச் அளவில் முக்கால் டிகிரி. உங்கள் தண்ணீர் மென்மையானது, கேஹெச் 3தான் என்றால் நான்கு நாளில் கையிருப்பு காலி. அதற்கப்புறம் பிஹெச், அதாவது தண்ணீரின் அமில கார அளவு, படியாகச் சறுக்காது, பொத்தென்று விழும். 6க்குக் கீழே போனால் பாக்டீரியா வேலையை ஏறத்தாழ நிறுத்திவிடும், அம்மோனியா ஏறத் தொடங்கும். வேடிக்கை என்னவென்றால் மீன் அப்போதும் சும்மா நீந்திக்கொண்டிருக்கும். அமிலத் தண்ணீரில் அம்மோனியா பெரும்பாலும் அம்மோனியம் என்ற, அவ்வளவாகக் கெடுதல் செய்யாத வடிவில் இருப்பதுதான் காரணம்.

பல வருடம் முன்பு என் ஆஸ்கார் தொட்டி அப்படித்தான் இருந்தது. வேலை நெருக்கடியில் மூன்று நாலு மாதம் தண்ணீரே மாற்றாமல், ஆவியாகிக் குறைந்ததற்கு மட்டும் ஊற்றிக்கொண்டு வந்தேன். மீன் தின்றது, வாலாட்டியது, நிறமும் குறையவில்லை. ஒரு ஞாயிறு குற்ற உணர்ச்சியில் எழுந்து, பாதித் தண்ணீரை ஒரேயடியாக மாற்றினேன். குழாய்த் தண்ணீரின் பிஹெச் 8. ஒரு மணி நேரத்தில் பெரிய ஆஸ்கார் பக்கவாட்டில் சாய்ந்தது, செவுள் படபடவென்று அடித்தது. காலைக்குள் இரண்டு ஆஸ்காரும் போய்விட்டன. அன்று எனக்கு விளங்கவில்லை. நல்ல தண்ணீர் ஊற்றினால் சாகுமா?

பிறகு பண்ணையில் வேலைக்குச் சேர்ந்துதான் கணக்கைப் புரிந்துகொண்டேன். மொத்த அம்மோனியா 4 என்று வையுங்கள். பிஹெச் 6இல் அதில் நச்சு வடிவம் 0.06 சதவீதம்தான், லிட்டருக்கு 0.002 மில்லிகிராம். பாதித் தண்ணீர் மாற்றினால் மொத்தம் 2 ஆகிறது. ஆனால் பிஹெச் 8க்கு ஏறினால் நச்சு வடிவம் 5 சதவீதத்தைத் தாண்டுகிறது, அதாவது 0.1க்கு மேல். அழுக்கைப் பாதியாகக் குறைத்துவிட்டு நஞ்சை ஐம்பது மடங்கு ஏற்றியிருக்கிறேன். 0.05ஐத் தாண்டினாலே செவுள் கெடத் தொடங்கலாம் என்பார்கள். பிஹெச் திடீரென்று ஏறியதும் சேர்ந்து அடித்திருக்கும். எது எவ்வளவு அடித்தது என்று பிரித்துச் சொல்ல அன்று நான் எதையும் அளந்து வைக்கவில்லை. அன்றிலிருந்து ஒரு பழக்கம்: தண்ணீர் நெடுநாள் மாற்றாத தொட்டி என்றால் முதலில் பிஹெச்சும் அம்மோனியாவும் பார்ப்பேன். பிஹெச் 6.5க்குக் கீழே இருந்தால், தினம் பத்து சதவீதம் என்று ஒரு வாரம் பத்து நாள் இழுத்துத்தான் மாற்றுவேன்.

உங்கள் நிலை இதற்கு நேர் எதிர். புதுத் தண்ணீர், பிஹெச் அநேகமாக மேலே, அம்மோனியா 2. அதனால் உங்களுக்கு நிதானம் உதவாது. இன்றே பாதியை மாற்றலாம், மாற்ற வேண்டும். மீனைத் தொட்டியிலேயே விட்டுவிட்டுச் செய்யுங்கள். டப்பில் அள்ளி வைப்பது அரோவானாவுக்குச் செதில் உதிரவும் தாடையில் அடிபடவும் வழி.

புதுத் தண்ணீரில் கவனிக்க வேண்டியது குளோரின். வெறும் குளோரின் என்றால் ஏர் ஸ்டோன் போட்டு ஒருநாள் வைத்தால் போய்விடும். சில நகரங்களில் குளோரமைன் சேர்ப்பார்கள், அது அப்படிப் போகாது. சோடியம் தயோசல்ஃபேட் போட்டால் குளோரின் முறியும், ஆனால் குளோரமைனில் இருந்த அம்மோனியா தண்ணீரில் மிஞ்சும். நல்ல பாக்டீரியா உள்ள தொட்டி அதைச் சமாளிக்கும், உங்கள் தொட்டி இப்போது சமாளிக்காது. குழாயிலிருந்து நேராகத் தொட்டிக்குள் விடுபவர்கள் குளோரின் நீக்கியை ஊற்றும் தண்ணீருக்கு மட்டும் அளக்காமல் தொட்டியின் முழுக் கொள்ளளவுக்கும் அளந்து முதலில் போட வேண்டும். நிலத்தடி நீர் என்றால் குளோரின் இருக்காது, ஆனால் ஆக்சிஜன் குறைவாகவும் கரியமிலவாயு அதிகமாகவும் இருக்கும். ஓர் இரவு காற்றடித்து வைத்தால் பிஹெச் தன் உண்மையான இடத்துக்கு ஏறி நிற்கும். அதில் நைட்ரேட்டும் பார்த்துவிடுங்கள். சில கிணறுகளில் மாற்றும் தண்ணீரே 50 காட்டும். அப்படியானால் மேலே போட்ட கணக்கெல்லாம் அந்த 50இலிருந்து தொடங்கும்.

இனி ஃபில்டர். பஞ்சு அடிக்கடி, வளையம் அபூர்வமாக என்பதுதான் என் முறை. முன்னால் இருக்கும் பஞ்சில் தீனித் தூளும் கழிவும் சேர்வதால் வாரத்துக்கு ஒரு முறையாவது பிழிய வேண்டும், தொட்டியிலிருந்து வடித்த தண்ணீரிலேயே பக்கெட்டில் வைத்து. செராமிக் வளையங்களை ஓட்டம் குறைந்தால் மட்டும், மூன்று நாலு மாதத்துக்கு ஒருமுறை, அதே பக்கெட் தண்ணீரில் இரண்டு குலுக்கு. வளையம் பழுப்பேறி அசிங்கமாக இருந்தால் நல்லது, அப்படியே விடுங்கள். புது ஃபில்டர் வாங்குவதாக இருந்தால் பழையதைக் கழற்றாமல் இரண்டையும் சேர்த்து இரண்டு மாதம் ஓட்டுங்கள்.

மூடிய டப்பா போன்ற கேனிஸ்டர் ஃபில்டர் வைத்திருப்பவர்களுக்கு ஓர் எச்சரிக்கை. மின்சாரம் பல மணி நேரம் நின்றால் உள்ளே ஆக்சிஜன் தீர்ந்து பாக்டீரியா சாகத் தொடங்கும். மின்சாரம் வந்ததும் அந்த அழுகல் தண்ணீர் அப்படியே தொட்டிக்குள் பாயும். முதலில் கேனிஸ்டரைத் திறந்து தண்ணீரைக் கொட்டிவிட்டு, பிறகு ஓட விடுங்கள். ஒரு பேட்டரி ஏர் பம்ப் எப்போதும் கையில் இருக்கட்டும். பாக்டீரியாவுக்கே ஆக்சிஜன் நிறைய வேண்டும், ஒரு கிராம் நைட்ரஜனுக்கு நாலரை கிராம். தண்ணீர் சூடாகச் சூடாக அதில் கரையும் ஆக்சிஜனும் குறையும். 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும், 30 டிகிரியில் 7.5தான். கோடையில் மேற்பரப்பை நன்றாகக் கலக்கி விடுங்கள்.

மீனின் நடத்தையைப் பார்த்துத் தண்ணீரைக் கணிக்கலாம் என்பவர்களை நான் அதிகம் நம்புவதில்லை. உங்கள் ஆஸ்கார் மேலே வந்து வாயைத் திறந்து மூடினால் ஏதோ சரியில்லை என்று தெரியும். ஆனால் விரால், கார், பிச்சிர் போன்ற மீன்கள் காற்றைச் சுவாசிப்பவை. தண்ணீரில் ஆக்சிஜன் இல்லாவிட்டாலும் மேலே வந்து ஒரு மடக்குக் காற்று வாங்கிக்கொண்டு கம்மென்று கிடக்கும். அவை தாக்குப்பிடிப்பதை வைத்துத் தண்ணீர் நன்றாக இருப்பதாக எண்ணிப் பக்கத்தில் வேறு மீனை விட்டவர்கள் அனுபவித்திருப்பார்கள்.

அதனால் டெஸ்ட் கிட். சொட்டு விட்டுப் பார்ப்பது, தாள் பட்டையைவிட நம்பகமானது. அம்மோனியாவைத் தீனி போடுமுன் காலையில் பார்த்தால் நல்ல எண்தான் வரும். தின்று சில மணி நேரம் கழித்துத்தான் செவுள் வழியே அதிகமாக வெளியேறும், அப்போது பாருங்கள். நைட்ரேட் கிட்டில் இரண்டாவது பாட்டிலின் அடியில் ஒரு தூள் இறுகிப் படிந்திருக்கும். அதை மேசையில் தட்டி, அரை நிமிடம் கை வலிக்கக் குலுக்காமல் சொட்டு விட்டால் 100 இருக்கும் தண்ணீரும் 10 காட்டும். சோதனைக் குழாயையும் ஒரு நிமிடம் குலுக்க வேண்டும். நிறத்தை வெள்ளைத் தாளுக்கு முன் பகல் வெளிச்சத்தில் ஒப்பிடுங்கள். மஞ்சள் பல்பின் கீழே நிறம் சரியாகத் தெரியாது.

இதுவரை சொன்னது பெரும்பாலும் வேதியியல், அதில் தகராறு கிடையாது. இனி சொல்வதில் ஆளுக்கொரு கருத்து உண்டு. பாட்டில் பாக்டீரியா: சிலது நிஜமாகவே வேகப்படுத்துகிறது. சிலது கடை அலமாரியில் வெயிலிலும் சூட்டிலும் இருந்து செத்த தண்ணீர். ஊற்றிப் பார்க்கலாம், அதை நம்பித் தீனியைக் கூட்டக் கூடாது. நோயில்லாத பழைய தொட்டி ஒன்றில் ஓடிய ஸ்பாஞ்ச் கிடைத்தால் எந்தப் பாட்டிலையும்விட அதுதான் மேல். அந்தத் தொட்டியில் நோய் இருந்தால் அதுவும் கூடவே வரும். அம்மோனியாவைக் கட்டிப்போடும் என்று விற்கும் திரவங்கள் விஷயத்திலும் வளர்ப்பவர்களிடையே சண்டை ஓயவில்லை. நான் அவசரத்துக்கு ஊற்றுவேன், ஊற்றிவிட்டுத் தண்ணீரையும் மாற்றுவேன். நைட்ரேட் எவ்வளவு வரை சரி என்பதில் 20 என்பவரும் உண்டு, 40 என்பவரும் உண்டு. பல மீன்கள் நூறுகளில் இருந்தும் சாவதில்லை. நான் அந்த எண்ணை, கூடவே சேரும் பாஸ்பேட்டுக்கும் கரைந்த கழிவுக்கும் ஓர் அளவுகோலாக வைத்துக்கொண்டு 40க்குள் நிறுத்தப் பார்க்கிறேன். ஆஸ்காரின் தலையில் விழும் குழிகளுக்கு மோசமான தண்ணீர்தான் காரணம் என்று அடித்துச் சொல்வார்கள். ஒட்டுண்ணி, சத்துக்குறைவு என்று வேறு காரணங்களும் பேசப்படுகின்றன. தண்ணீரைச் சரிசெய்தபின் ஆறிய மீனையும் பார்த்திருக்கிறேன், ஆறாததையும் பார்த்திருக்கிறேன். மணி பிளான்ட் வேரைத் தண்ணீரில் தொங்கவிட்டால் நைட்ரேட்டை உறிஞ்சும் என்பது நிஜம். ஆனால் மூன்று வேட்டை மீனின் கணக்கை இரண்டு கொடி அடைத்துவிடாது. வேரை ஆஸ்கார் பிய்த்துவிடும் என்பதால் மேல் ஃபில்டர் பெட்டியில் நடுங்கள்.

அப்படியானால் இந்த வாரம் என்ன செய்வது? இரண்டு நாள் தீனி வேண்டாம், இந்த அளவு மீனுக்கு ஒன்றும் ஆகாது. இன்று பாதித் தண்ணீர், பிறகு அம்மோனியா 0.5க்குக் கீழே தங்கும் வரை தினம் மூன்றில் ஒரு பங்கு, வெப்பம் ஒன்றிரண்டு டிகிரிக்குள் ஒத்துப்போக வேண்டும். கல்லையும் வளையத்தையும் தொடாதீர்கள். இரண்டு மூன்று வாரத்தில் அம்மோனியா இறங்கி நைட்ரைட் ஏறும். அது இரத்தத்தைப் பழுப்பாக்கி, ஆக்சிஜனைச் சுமக்க முடியாமல் செய்துவிடும். அந்தக் கட்டத்தில் லிட்டருக்கு ஒரு கிராம் சாதா உப்பு, உங்களுக்கு 220 கிராம், கரைத்துக் கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்தால் அதிலுள்ள குளோரைடு செவுளில் நைட்ரைட்டை நுழையவிடாமல் தடுக்கும். உப்பு ஆவியாகாது, எனவே மாற்றிய தண்ணீருக்கு மட்டும் திரும்பச் சேருங்கள். ஆறு வாரத்தில் இரண்டும் பூஜ்யத்துக்கு வந்தபின் வாரம் ஒருமுறை பாதித் தண்ணீர், சைஃபனால் பாதித் தரை, மறுவாரம் மறுபாதி.

தண்ணீர் எவ்வளவு நன்றாக வைத்தாலும் தீராத ஒன்று அரோவானா. சில்வர் அரோவானா இரண்டரை மூன்று அடி வளரும், ஒன்றரை அடி அகலத்தில் அதனால் திரும்பவே முடியாது. அது வளர வளர அந்த 10 கிராம் 20 ஆகும், 30 ஆகும், 220 லிட்டர் அப்படியே இருக்கும். இப்போதே பெரிய தொட்டியோ வேறு வீடோ தேடத் தொடங்குங்கள். இரண்டு ஆஸ்காருக்கு மட்டும் என்றால் இந்தத் தொட்டியை ஒப்பேற்றலாம், தாராளம் என்று சொல்ல மாட்டேன்.

நீங்கள் எழுதியதில் பிஹெச்சும் கேஹெச்சும் இல்லை. அவை இல்லாமல் அந்த அம்மோனியா 2 எவ்வளவு ஆபத்து என்று சொல்ல முடியாது, பிஹெச் 7இல் அது ஒரு பங்கு என்றால், 8இல் கிட்டத்தட்டப் பத்து மடங்கு. தீனி போட்டு நாலைந்து மணி நேரம் கழித்துத் தொட்டித் தண்ணீரில் பிஹெச், கேஹெச், அம்மோனியா, நைட்ரைட், நைட்ரேட், ஓர் இரவு காற்றடித்த குழாய்த் தண்ணீரில் பிஹெச், கேஹெச், நைட்ரேட், இவ்வளவையும் ஒரு தாளில் எழுதி, அன்று எத்தனை கிராம் தீனி போட்டீர்கள் என்பதையும் தராசில் வைத்துப் பார்த்துச் சேர்த்து அனுப்புங்கள்.